ஏரி பார்த்து வந்த நாய்

சாயங்காலம் ஆனால் எங்கள் தெரு நாய்கள் எல்லாம் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். தெரு நாய்கள் என்றால் தெருவில் திரிகிற நாய்கள் அல்ல. கழுத்தில் பட்டையும் கூட ஓர் ஆளுமாகப் போகிற நாய்கள். சாந்தோமில் மகன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொன்றின் குணமும் அத்துப்படி. அலையைப் பார்த்துக் குரைக்கும், பயந்து பின்னால் வரும், மறுபடி ஓடும். கூட வந்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார். 'எதற்கய்யா இந்த நாயை இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?' என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அது இன்றுவரை ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

என் மருமகள், கிழவிக்கு நாய் என்றால் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். எங்களிடமும் ஒரு நாய் இருந்தது. கோலார் தங்கவயலில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். அதைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் தண்ணீர்க் கரைக்குப் போய், சிரித்து விளையாடிவிட்டு வந்தோம். எங்கள் லைன் அதைப் பொறுக்கவில்லை.

லைன் என்றால் மூங்கில் தட்டியால் சுவர் வைத்து வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'கர்த்தர் காப்பாத்தட்டும்' என்பார்கள். நான் வேலூரில் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். சுரங்கத்தில் நல்ல வேலை, ஞாயிறு லீவு, கோட்டுப் போடுகிற மாப்பிள்ளை என்று சொல்லி என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கோட்டு நிஜம். துரை பங்களாச் சமையல்காரரிடம் அவர் வாங்கிய பழைய கறுப்புக் கோட்டு. அதில் சிங்க முகம் பொறித்த பித்தளைப் பொத்தான்கள். சாம்பலும் எலுமிச்சையும் போட்டு அவற்றைப் பளபளவென்று தேய்ப்பது வாராவாரம் சனிக்கிழமை என் வேலை.

நாயும் அந்தப் பங்களாவிலிருந்து வந்ததுதான். துரை வளர்த்த ஜாதிப் பெட்டை, வேலி தாண்டிப் போய்க் குட்டி போட்டுவிட்டது. குட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கச் சொன்னார்களாம். ஒன்றை மட்டும் இவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். காது துரை வீட்டுக் காது, நீளமாகப் பட்டுப்போலத் தொங்கும். மற்றதெல்லாம் எங்கள் லைன். அவருக்கு அந்தக் காதின்மேல் பெருமை. எனக்கு அந்த நாயின்மேல் உயிர். அவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் என்னோடு பேச வேறு யார் இருந்தார்கள்?

தங்கவயலில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஆட்களை வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடியைப் பிரித்து, கோவணத்தை உதறிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தங்கத்தை எங்காவது ஒளித்துக் கொண்டு வருகிறானா என்று பார்க்கிறார்களாம். காவல்காரர்கள் பார்க்கிற பார்வை, பார்க்கப்பட்டவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் புதுப் புடவை கட்டினால், புடவை நன்றாக இருக்கிறது என்று எங்கள் லைனில் சொல்ல மாட்டார்கள். 'எதுல வெச்சுக் கொண்டு போனான்?' என்றுதான் கேட்பார்கள். கோழிக்குத் தீனியோடு தங்கத்தைப் போட்டு வெளியூரில் கொண்டுபோய் அறுத்தவன் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோழியைப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

லைனின் முதல் வீட்டில் மேஸ்திரி இருந்தார். வட ஆற்காட்டிலிருந்து ஆட்களைச் சேர்த்து வந்து சுரங்கத்தில் இறக்கியவர். என் வீட்டுக்காரரும் அவர் கூட்டி வந்த ஆள்தான். வேதக் கோயிலில் அவருக்கு முன்வரிசை, ஞானப்பாட்டு பாடும்போது அவர் குரல்தான் உசத்தி. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆட்டுக்கறி வாங்கினால் எலும்பை எடுத்து வைத்து என் நாயைக் கூப்பிட்டுப் போடுவாள். நல்லவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

துரைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்கலம் ஏரிக்குக் குதிரை வண்டியில் நாய்களோடு போவார்கள். இவர் வழியில் நின்று பார்த்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை திடீரென்று சொன்னார்.

"இன்னாமே, நாளைக்கு நம்பளும் ஏரிக்குப் போவலாம். நாயையும் இட்டுக்கினு."

"கோயில்?"

"ஒரு வாரம் போவலன்னா சாமி கோச்சுக்காது."

கடல் பார்க்க வேண்டும் என்று நான் கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏரி. எனக்கு அதற்கே தலைகால் புரியவில்லை. விடியற்காலையில் எழுந்து தயிர்சோறு கட்டினேன், மாங்காய்த் துண்டு வைத்தேன். நாயைக் குளிப்பாட்டினேன், தண்ணீர்க் கரைக்குப் போகிற நாயை எதற்குக் குளிப்பாட்ட வேண்டும் என்று யோசிக்காமல்.

சுரங்க எல்லையைத் தாண்டும் கேட்டில் காவல்காரர் எங்கள் ஒற்றை மாட்டு வண்டியை நிறுத்தினார். சோற்று மூட்டையை அவிழ்த்து விரலை விட்டுக் கிளறினார். அந்த விரல் அதற்கு முன் எங்கே இருந்ததோ. பிறகு நாயைக் காட்டிக் கேட்டார்.

"இது எதுக்கு?"

"சும்மா. காத்து வாங்க" என்றார் இவர், கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

"நாய்க்கா?"

"ஏன், தொரை நாய் மட்டுந்தான் வாங்கணுமா?"

காவல்காரர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் கையை நக்கியது. அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஆனால் பின்னால் சந்தைக்குப் போக நின்றிருந்த எங்கள் லைன் ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்கள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. கரை ஏறி நின்றதும் எதிர்க்கரை தெரியவில்லை. இதுதான் கடல் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நாய் முதலில் தண்ணீரைப் பார்த்துக் குரைத்தது. சிற்றலை வந்து காலில் பட்டதும் துள்ளி என் புடவைக்குள் ஒளிந்தது. பிறகு ஒரு கொக்கைக் கண்டு எல்லாவற்றையும் மறந்து பாய்ந்தது. அது நீந்தும் என்று அதற்கே தெரியாது. தலையையும் அந்தத் துரை வீட்டுக் காதுகளையும் மேலே வைத்துக்கொண்டு, திகைத்த முகத்தோடு அது நீந்தி வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கரையேறி என் பக்கத்தில் வந்து நின்று உதறியது. நான் தொப்பலாக நனைந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படி நான் சிரித்ததை என் வீட்டுக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பொடிமீனை அள்ளிப் போட்டார்கள். நாய் வயிறு முட்டத் தின்றது. என் தயிர்சோற்றிலும் பாதி அதற்குத்தான்.

கொஞ்ச தூரத்தில் துரைகள் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் அவர்கள் கண்ணில் படும்படி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தார். ஒரு துரைசானி பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். கோட்டைப் பார்த்தா, காதைப் பார்த்தா, தெரியாது. அவள் ஒரு துண்டு கேக்கை நாய்க்கு எறிந்தாள். நாய் வயிறு நிறைந்திருந்ததால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இவர் குனிந்து அதை எடுத்து, அவளுக்கு ஒரு சலாம் வைத்து, மண்ணைத் தட்டிவிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேக் இனிப்பாக இருந்தது.

மத்தியானம் இவர் கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து மரத்தடியில் தூங்கினார். நாய் பக்கத்தில் படுத்துக் கோட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் போட்ட கூச்சலில்தான் திரும்பினேன். நடுப் பொத்தானைக் காணோம், நாய் எதையோ விழுங்கி உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. வாய்க்குள் கையை விட்டார், தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினார். பொத்தான் போனது போனதுதான்.

வண்டியில் வீடு வருகிறவரை அவர் என்னோடு பேசவில்லை, நான்தான் விழுங்கியதுபோல. நாய் என் மடியில் ஈர நாற்றத்தோடு, ஊதிய வயிறோடு குறட்டை விட்டது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எப்படியும் இன்னிக்கி வெளிய வந்துரும். பார்த்து எடுத்து வை. ஞாயித்துக்கெழமைக்கு வேணும்."

நான் சொன்னபடி செய்தேன். லைனுக்குப் பின்னால் நாயைக் கூட்டிப் போய், அது உட்கார்ந்து எழுந்ததும் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே அக்கா நிற்கிறாள், இடுப்பில் குடத்தோடு.

"இன்னா தங்கச்சி தேடறே?"

"ஒண்ணுமில்லக்கா. அவுரு கோட்டுப் பொத்தானை முழுங்கிடுச்சு."

"பொத்தானா." குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "நேத்து கோயில்ல காணமேன்னு பார்த்தேன். ஏரிக்குப் போனீங்களாமே, நாயை இட்டுக்கினு."

"ஆமாக்கா. சும்மாதான்."

"சும்மா" என்றாள் அவள். தண்ணீருக்குப் போகாமலே திரும்பிப் போனாள்.

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் குரல் மறுபடி கேட்டது. நான் வைத்த பெயரைச் சொல்லி நாயைக் கூப்பிட்டாள். எலும்புக்குக் கூப்பிடுகிற அதே குரல். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. நான் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்க்கும்போது மேஸ்திரி வீட்டு வாசலில் அதைக் கட்டிப் போட்டிருந்தார்கள். எலும்புகூடப் போடவில்லை.

மேஸ்திரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் அன்பாகத்தான் பேசினார்.

"இந்தாம்மா, என்னை உன் கூடப்பொறந்தவனா நெனச்சுக்க. மறைக்காத. வாங்கற ஆளு ஏரிக்கு வரல. சரக்கு உள்ளயே நின்னுபோச்சு. அதானே?"

"எந்த ஆளு அண்ணா? எந்தச் சரக்கு?"

"ஆளு வந்திருந்தா நாயை அங்கயே அறுத்துட்டு வெறுங்கையோட வந்திருப்பீங்க. நாய் முழுசா திரும்பி வந்துட்டுதே."

நாய் உயிரோடு திரும்பி வந்தது எங்கள்மேல் சாட்சியாகிவிட்டது. திரும்பி வராமல் இருந்திருந்தால் அதுவும் சாட்சியாகியிருக்கும். நான் வீட்டுக்கு ஓடிப் போய்க் கோட்டை எடுத்து வந்து காட்டினேன். பாருங்கள், நடுவில் ஒன்று இல்லை என்றேன். மேஸ்திரி கோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொத்தானைப் பிய்த்துவிட்டுக் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதற்குள் பாதி லைன் கூடிவிட்டது.

காவலுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும் என்றேன். மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா உன் வூட்டுக்காரன் ஜெயிலுக்குப் போவான். சொல்லட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மேஸ்திரிக்கோ, சங்கு ஊதுவதற்குள் காரியம் முடிய வேண்டும். ரெண்டு மணிச் சங்கு ஊதி காலை ஷிப்ட் மேலே வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் பங்குக்கு நிற்பார் என்று பயம்.

முதலில் விளக்கெண்ணெய் கொடுப்பது என்று முடிவாயிற்று. அக்கா தன் குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடையைக் கொண்டு வந்தாள். வேறு யார் ஊற்றினாலும் நாய் துப்பியது. கடைசியில் என்னிடம் கொடுத்தார்கள். பொத்தான் வெளியே வந்துவிட்டால் விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். எது வந்தாலும் விட்டுவிடுவோம் என்றார் மேஸ்திரி. நாயின் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தார். நான் ஊற்றினேன். நான் ஊற்றியதால் அது குடித்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல்.

அதன்பின் காத்திருந்தோம். ஒரு நாய் வெளிக்குப் போவதற்காக ஒரு லைன் முழுவதும் வட்டமாக உட்கார்ந்திருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்கள். யாரோ வறுத்த வேர்க்கடலை கொண்டு வந்து பங்கிட்டார்கள். எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். தங்கம் கிடைத்ததும் அவரவர் என்ன வாங்குவது என்று பேச்சு நடந்தது. ஊரில் ஒரு காணி நிலம் என்றார் ஒருவர். மகளுக்குக் கல்யாணம் என்றாள் ஒருத்தி. என் நாயின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள்.

நான் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். நாய்க்கு வயிற்றால் போக வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்ட கிறிஸ்தவச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜெபம் பலித்தது. நாய் முனகியது, சுற்றிச் சுற்றி வந்தது, உட்கார்ந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேஸ்திரி கூசவில்லை. எல்லாவற்றையும் ஓர் இரும்புச் சட்டியில் வாரிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சட்டியைச் சுழற்றிச் சுழற்றிக் கலங்கலை வடித்தார். ஆற்று மணலில் தங்கம் பார்க்கிறவர்கள் செய்வது அப்படித்தான். மீன் முள் வந்தது. சோற்றுப் பருக்கை வந்தது. கடைசியில் சட்டியின் அடியில் ஒரு கறுப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தைத்த நூல்.

"பாருங்கண்ணா, பொத்தான் தெச்ச நூலு" என்று கத்தினேன்.

"நூலு கட்டித்தான் உள்ள வுட்டீங்களா?" என்றார் அவர்.

நாய் களைத்துப்போய் என் காலடியில் படுத்துக்கொண்டது. வயிறு ஒட்டிவிட்டது. இனி ஒன்றும் இல்லை, விட்டுவிடுவார்கள் என்று நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். கூட்டத்திலும் ரெண்டு பேர் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். அப்போதுதான் மேஸ்திரி சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மில்லுல இன்னா நடக்குது? கல்லை இடிச்சு மாவாக்கித் தண்ணி வுடறாங்க. மண்ணு போயிடும். தங்கம் போவுமா? அது கனம். அடியில நிக்கும்."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் அந்த மில்லைப் பார்த்தவர்கள். இரவும் பகலும் அது இடிக்கிற சத்தத்தில்தான் தூங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். லேசானது எல்லாம் வந்துவிட்டது, ஆகவே கனமானது உள்ளே நிற்கிறது. வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு நியாயம் யாருக்காவது தோன்றியிருக்குமா? எங்கள் லைனில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை. ஒரு நாள் பொறுங்கள், அதுவும் வந்துவிடும் என்று நான் மேஸ்திரியின் காலில் விழுந்தேன். அவர் சூரியனைப் பார்த்தார். சங்கு ஊத அதிக நேரமில்லை.

ஆடு அறுக்கிற கத்தியை அக்காதான் உள்ளேயிருந்து கொண்டு வந்தாள். நாலு பேர் பிடித்தும் நாய் நிற்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தியது. ஒருவன் கடப்பாரையால் மண்டையில் போட்டுவிடலாம் என்றான். மேஸ்திரி வேண்டாம் என்று தடுத்துவிட்டு, "நீ புடிம்மா. நீ புடிச்சா சும்மா இருக்கும்" என்றார். கடப்பாரை ஓங்கியபடி இருந்தது. நான் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி. அது உடனே அமைதியாகிவிட்டது. நேற்று வண்டியில் படுத்தமாதிரியே மூக்கை என் புடவைக்குள் விட்டுக்கொண்டது. அந்தக் காதுகளை நான் இரண்டு கையாலும் பொத்தினேன். அதற்குமேல் என்ன நடந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. சீக்கிரம் முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

"கெடச்சுட்டுது" என்று மேஸ்திரி சொன்னபோது கூட்டம் நெருங்கி வந்தது. அவர் விரல்களுக்கிடையே மஞ்சளாக ஒன்று மின்னியது. நிலம் வாங்க நினைத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். மேஸ்திரி அதைச் சட்டித் தண்ணீரில் முக்கித் துடைத்தார். ஒரு பக்கம் சிங்க முகம். மறுபக்கம் நூல் கோக்கிற வளையம்.

மேஸ்திரி அதைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரும் வாங்கிக் கடித்தார். "அட, பொத்தான்தான்" என்றார் மேஸ்திரி, ஒரு தப்புக் கணக்கைத் திருத்துகிற குரலில். என் மடியில் நாயின் தலை இருந்தது. அதன் பக்கத்தில் பொத்தானைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டமும் போய்விட்டது. பாவம் என்று ஒருத்தி சொன்னாள். எங்களைச் சொன்னாளா, கிடைக்காமல் போன நிலத்தைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா மட்டும் நின்றாள். கத்தியைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, உண்மையாகவே புரியாமல், மெதுவாகக் கேட்டாள்.

"அப்புறம் எதுக்கு தங்கச்சி அதை அவ்ளோ தூரம் இட்டுக்கினு போனீங்க?"

அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. சும்மா என்று மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கு ஊதியது.

என் வீட்டுக்காரருக்கு சுரங்க வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தார். நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லைனுக்குப் பின்னால் போனார். சுரங்க ஆள், குழியை நொடியில் வெட்டிவிட்டார். நான் நாயைப் புடவைத் துண்டில் சுற்றிக் கிடத்தினேன். அவர் மண்ணைத் தள்ளினார். அழுவார் என்று நினைத்தேன். கோட்டுக்குள் வைத்துக் கொண்டு வந்தவர் அல்லவா? மண்ணை மிதித்துச் சமப்படுத்திவிட்டு, மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பொத்தான் கெடச்சுதா?"

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். எடுத்து ஊதினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒருவன் பல் பட்டுச் சிங்கத்தின் மூக்கில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதற்கு முகம் சுருங்கினார். அந்த முகச் சுருக்கத்தை நான் மன்னிக்கவில்லை. அதன்பின் அவரோடு முப்பது வருஷத்துக்குமேல் வாழ்ந்தேன், நாலு பிள்ளை பெற்றேன், கடைசியில் அவர் நெஞ்சில் மண்தூசி அடைத்துப் படுத்தபோது முகம் கோணாமல் பார்த்துக்கொண்டேன். மன்னிக்க மட்டும் முடியவில்லை. மேஸ்திரியை வெறுப்பது சுலபம், அவன் தங்கத்துக்குக் கொன்றான். இவர் பித்தளையைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். மேஸ்திரி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். பாட்டு முடிந்ததும் மேஸ்திரி அந்த நடுப் பொத்தானை விரலால் சுண்டி ஏதோ சொன்னார். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்தான் அசையவில்லை. முந்தின நாள் இரட்டை நூல் போட்டு நான்தான் இறுக்கித் தைத்திருந்தேன்.